பழைய காரில் பானட் லாக் நிற்கவில்லை: சரிசெய்வதா, மாற்றுவதா, வெளியே பின் போடுவதா?

பானட்டை இறக்கினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது, ஆனால் கையை எடுத்ததும் முன்விளிம்பு அரை அங்குலம் எழும்பிவிடுகிறது. அல்லது நிற்கும்போது ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது, பள்ளத்தில் நாலு குலுக்கல் குலுங்கியதும் விட்டுவிடுகிறது. இதற்கு நான்கு வழிகள் உண்டு. இருக்கும் லாக்கைச் சுத்தம் செய்து அளவு சரிசெய்யலாம். தேய்ந்த பாகத்தைப் பழுது பார்க்கலாம். முழு லாக்கையும் மாற்றலாம். வெளியிலிருந்து பிடிக்கும் பின் அல்லது வார் சேர்க்கலாம்.

பலரும் கடைசி வழியிலிருந்து தொடங்குகிறார்கள். பின் செட் வாங்கி, பானட்டில் இரண்டு ஓட்டை போட்டு, விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே கெட்ட லாக் கெட்டபடியே இருக்கிறது. துளை போட்ட தகட்டைப் பழையபடி ஆக்குவது மிகக் கடினம் என்பதால், துளை போடும் முடிவு வரிசையில் கடைசியாகத்தான் வரவேண்டும்.

இதை நாளைக்குத் தள்ளிப்போடவும் கூடாது. கண்ணாடிப் பக்கம் கீல் வைத்து முன்பக்கம் திறக்கும் பானட்டில், கிரில் வழியே நுழையும் காற்று அடியிலிருந்து தள்ளும். மேல்பரப்பின் முன்விளிம்பில் காற்றழுத்தம் குறைவதால் அங்கும் மேல்நோக்கி இழுக்கும். இந்த விசை வேகத்தின் இருமடிப்படி கூடும். 60 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல நான்கு மடங்கு 120 கி.மீ.யில் இருக்கும். தெருவுக்குள் ஓட்டும்போது தாங்கிய லாக், நெடுஞ்சாலையில் விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். அப்போது பானட்டைத் தடுப்பது இரண்டாவதாக இருக்கும் பாதுகாப்புக் கொக்கி மட்டுமே. அமெரிக்காவில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்படி திறக்கும் பானட்டுக்கு இரண்டாம் பிடிப்பு கட்டாயமானது 1969 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தைய பல கார்களிலும் அது உண்டு. ஆனால் உங்கள் காரில் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள். கொக்கி துருவேறி இறுகியிருந்தாலோ, யாராவது கழற்றி எறிந்திருந்தாலோ, லாக்கும் கொக்கியும் சரியாகும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

முதலில் குற்றவாளி யார்?

எந்த வழி சரி என்பது கோளாறு எங்கே என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் விளையாட்டுக் களிமண்ணும் போதும்.

பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே, ஸ்க்ரூ டிரைவரின் தண்டை லாக் துளைக்குள் விட்டு, பானட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் லாக் பின் எப்படி உள்ளே இறங்குமோ அப்படி அழுத்துங்கள். லாக்கினுள் இருக்கும் கொக்கி (பாதுகாப்புக் கொக்கி அல்ல) சட்டென்று பாய்ந்து தண்டைப் பிடிக்க வேண்டும். மெதுவாக நகர்ந்தாலோ பாதியில் நின்றாலோ அழுக்கு, காய்ந்த கிரீஸ், தளர்ந்த ஸ்பிரிங், காருக்குள் இருக்கும் கைப்பிடியிலிருந்து லாக்கைத் திறக்கும் கேபிள் ஆகிய நான்கில் ஒன்று காரணம். இப்போது கேபிளை லாக்கிலிருந்து கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கேபிள் இல்லாமல் கொக்கி நன்றாகப் பாய்ந்தால் லாக்கில் கோளாறு இல்லை, கேபிள்தான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லாக்கை மாற்றத் தீர்மானிப்பவர்களில் பலர் இந்த ஒரு சோதனையைச் செய்வதே இல்லை. புதிய லாக் போட்டபின்னும் அதே கேபிள் அதையும் பாதித் திறந்தபடி வைத்திருக்கும், பழி புதிய பாகத்தின்மேல் விழும்.

கொக்கி நன்றாகப் பாய்ந்து, ஆனால் பானட்டை இறக்கினால் மட்டும் பிடிக்கவில்லை என்றால், பின் துளையின் நடுவில் இறங்குகிறதா என்று பாருங்கள். லாக் துளையின் விளிம்பைச் சுற்றிக் களிமண்ணைப் பட்டையாக ஒட்டி, பானட்டைப் பூட்டும் அளவுக்கு அழுத்தாமல் மெல்ல இறக்கித் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் களிமண் நசுங்கியிருந்தால் பின் அந்தப் பக்கம் உரசுகிறது. பின்னின் கூம்பு முனையில் ஒருபக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த கோடு தெரிந்தாலும் அதே அர்த்தம்.

மூன்றாவது நிலை, பூட்டுகிறது, ஆனால் நிற்பதில்லை என்பது. முன்விளிம்பை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். தளர்ச்சி தெரிந்தால் பானட்டை முன்மூலைகளில் தாங்கும் ரப்பர் ஸ்டாப்பர் தாழ்ந்திருக்கலாம், பின் நீளம் கூடியிருக்கலாம், அல்லது கொக்கியின் உதடு தேய்ந்து உருண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. கூர்மையான விளிம்போடு பின்னின் கழுத்தைப் பிடிக்கவேண்டிய கொக்கி உருண்டுபோனால், பானட்டை மேலே தள்ளும் விசையே கொக்கியைப் பக்கவாட்டில் நகர்த்தித் திறந்துவிடும். எவ்வளவு அளவு சரிசெய்தாலும் அது நிற்காது.

சுத்தம் செய்து அளவு சரிசெய்வது

பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதும். பாகச் செலவு இல்லை, மூல வடிவம் மாறாது, தவறாகப் போனால் திரும்ப வைக்கலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

லாக்கைக் கழற்றுவதற்கு முன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருப்பதால், கோடு இல்லாவிட்டால் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. கழற்றிய லாக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். டபிள்யூடி-40 அழுக்கைக் கரைக்கவும் இறுகியதை விடுவிக்கவும் நல்லது. ஆனால் அதில் மெல்லிய படலம்தான் மிஞ்சும், உராயும் பாகத்துக்கு அது நீடிக்காது. அச்சு ரிவெட்டில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில், நகரும் முகங்களில் மெல்லிய பூச்சாக லித்தியம் கிரீஸ் போதும். அப்பி வைத்தால் ரேடியேட்டர் முன்னால் பறக்கும் தூசியெல்லாம் அதில் ஒட்டி, சில மாதத்தில் பழைய கதைதான்.

அளவு சரிசெய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது: கீல், பின்னின் மையம், பின்னின் உயரம், ஸ்டாப்பர். இதை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும். கீல் புஷ் தேய்ந்திருந்தால் பானட் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இறங்கும். அப்படிப்பட்ட பானட்டுக்குப் பின்னை மையப்படுத்துவது வீண் வேலை. பானட்டைப் பாதி திறந்து மூலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் கீலின் தளர்ச்சி தெரிந்துவிடும். கீல் காய்ந்து இறுகியிருந்தாலும் தொல்லை உண்டு. பெரிய ஸ்பிரிங் வைத்த அமெரிக்க வகைக் கீல்களில், எண்ணெய் இல்லாமல் இறுகிய கீலை வலுக்கட்டாயமாக மூடினால் பானட்டே பின்பக்கம் மடங்கிவிடும்.

அடுத்து பின். பல பிரிட்டிஷ் கார்களில் அது மரை வெட்டிய ஒரு தண்டு. முனையில் ஸ்க்ரூ டிரைவருக்கான பிளவு, அடியில் லாக் நட், சுற்றிலும் பானட்டை மேலே எழுப்பும் ஸ்பிரிங். இதில் குழப்பம் வரும் இடம் ஒன்றுதான்: பின்னை நீட்டினால் பானட் மேலே உட்காரும், சுலபமாகப் பூட்டும். சுருக்கினால் பானட் கீழே இழுபடும், பூட்ட அதிகம் அழுத்த வேண்டும். கொக்கி எப்போதும் பின்னின் கழுத்தை ஒரே உயரத்தில்தான் பிடிக்கிறது என்பதை நினைவில் வைத்தால் திசை மாறாது. ஆகவே பூட்டவே இல்லை என்றால் பின்னை அரைச் சுற்று நீட்டுங்கள். பூட்டியபின் ஆடினால் அரைச் சுற்று சுருக்குங்கள். அங்குலத்துக்கு 24 மரை உள்ள தண்டில் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 1 மி.மீ., எம்8 அளவுத் தண்டில் 1.25 மி.மீ. மூன்று நான்கு சுற்று ஒரே மூச்சில் திருப்புவது கூடாது. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் லாக் நட்டை இறுக்கிவிட்டே சோதியுங்கள், இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு.

அமெரிக்கக் கார்கள் பலவற்றில் தண்டுக்குப் பதில் ஒரு வளையம் அல்லது தகடு பானட்டில் இருக்கும், உயரத்தை லாக்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். தத்துவம் அதேதான். லாக்கைக் கீழே இறக்கினால் பானட் தாழும்.

கடைசியாக ரப்பர் ஸ்டாப்பர்கள். முன்மூலைகளில் இருக்கும் இந்தச் சின்ன ரப்பர்களைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பானட்டை அடியிலிருந்து தாங்கி, கொக்கிக்கும் பின்னுக்கும் இடையே எப்போதும் இறுக்கம் இருக்கச் செய்வது இவைதான். ரப்பர் காய்ந்து சுருங்கினாலோ உதிர்ந்துபோனாலோ பானட் லாக்கின்மேல் மட்டுமே தொங்கி அதிரும், கொக்கி நாள்பட நாள்படத் தேயும். உயரம் கூடினால் எதிர்த்தொல்லை: பானட் கீழே வர மறுக்கும், அறைந்து மூடும் பழக்கம் வரும். முதலில் ஸ்டாப்பர்களை முழுதும் தாழ்த்திவிட்டு, பானட் இருபக்க மட்கார்டோடு சமமாக உட்காரும்வரை பின்னைச் சரிசெய்யுங்கள். பிறகு ஸ்டாப்பருக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு காகிதப் பட்டையை வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்தால் ஸ்டாப்பரை உயர்த்த வேண்டும். கிழிந்தால் தாழ்த்த வேண்டும். இழுபட்டு, ஆனால் கிழியாமல் வந்தால் சரி. இரு மூலைகளிலும் ஒரே மாதிரி வரவேண்டும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் லாக்கைத் தொடுவதற்கு முன் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். கண்ணாடிப் பக்கம் தடித்த பீடிங் போட்டிருந்தால் பானட்டின் பின்பகுதி உயர்ந்து முன்பகுதியின் கோணம் மாறிவிடும். எஞ்சின் வேலை செய்தபிறகு தொடங்கியிருந்தால் ஏர் ஃபில்டரின்மேல் களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்கள். களிமண் நசுங்கி ஒரு விரற்கடைக்கும் குறைவான தடிமனே மிஞ்சியிருந்தால், எஞ்சின் குலுங்கும்போது ஃபில்டர் பானட்டை இடிக்கிறது.

கேபிள்

குற்றம் கேபிளின்மேல் என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுவதே என் பரிந்துரை. உள்ளே ஒற்றைக் கம்பி ஓடும் பழைய கேபிள்களில், உறைக்குள் துரு பிடித்தபின் ஆயில் விட்டுப் பெறும் பலன் சில வாரங்களுக்குத்தான். அதோடு, அறுந்துபோனால் பூட்டிய பானட்டைத் திறப்பது பெரிய பாடு. ஆனால் கம்பி சுதந்திரமாக ஓடி, நீளம் மட்டும் குறைவாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. கொக்கியில் கம்பியைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி, 2 முதல் 3 மி.மீ. தளர்வு விட்டு இறுக்குங்கள். உள்ளே கைப்பிடியை இழுத்துவிட்டால் அது தானாகத் திரும்பிப் போக வேண்டும்.

புதிய கேபிள் போடும்போது வளைவுகள் அகலமாக இருக்கட்டும். எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டின் துளையில் ரப்பர் குரோமெட் (காப்பு வளையம்) கண்டிப்பாக வேண்டும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து கேபிள் தள்ளியே ஓட வேண்டும். அதே வேளையில் லாக் கொக்கியிலிருந்து இன்னொரு கம்பியைக் கட்டி, பம்ப்பருக்கு அடியில் கை எட்டும், வெளியே தெரியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். என்றாவது கேபிள் அறுந்தால் கிரில்லை உடைக்காமல் திறக்கலாம்.

பழுது பார்ப்பதா, வேறு லாக்கா?

கொக்கி உருண்டிருந்தால், அச்சு ரிவெட் ஆடினால், தகடு துருவில் மெலிந்திருந்தால், சுத்தம் செய்வதால் பயன் இல்லை. இங்கே மூன்று தேர்வுகள் எதிரெதிரே நிற்கின்றன.

ரிவெட் மட்டும் தேய்ந்திருந்தால் பழுது பார்ப்பதே மேல். ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, தோள் வைத்த போல்ட்டும் நைலான் உள்வளையம் உள்ள நட்டும் போடலாம். கொக்கி தடையின்றி அசைய வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது. தளர்ந்த ஸ்பிரிங்கையும் தனியாக மாற்றலாம். கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுருள் எண்ணிக்கை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கின் ஒரு சுருளை வெட்டி இழுத்து மாட்டினால் கொக்கி வேகமாகப் பாயும்தான், ஆனால் மடக்கிய முனை அதிகச் சுமையில் உடைந்துவிட வாய்ப்புண்டு.

தேய்ந்த உதட்டை அரத்தால் தீட்டுவது லேசான தேய்மானத்துக்கு மட்டும். நாலைந்து இழுப்பில் தட்டையான விளிம்பு வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருந்தால் அதற்குக் கீழே மென்மையான இரும்பு, அது முன்னைவிட வேகமாகத் தேயும். வெல்டிங் வைத்து உதட்டை நிரப்பி அரத்தால் வடிவம் கொடுப்பது, எந்தப் பிரதிப் பாகமும் கிடைக்காத அரிய கார்களுக்கு நல்ல வெல்டரின் கையில் செய்யத்தக்கது. பாதுகாப்புக் கொக்கியில் மட்டும் வெல்டிங் வைக்க வேண்டாம். வெப்பம் பட்ட ஓரத்தில் நுண்விரிசல் வந்தால் வெளியே தெரியாது, அந்தக் கொக்கி வேலை செய்ய வேண்டிய ஒரே தருணம் பானட் காற்றில் எகிறும் தருணம்.

மாற்றுவதென்றால் புதிய பிரதி லாக்கா, வேறு காரிலிருந்து கழற்றிய மூல லாக்கா? நல்ல நிலையில் கிடைத்தால் மூல லாக்குக்கே என் ஓட்டு. தகட்டின் தடிமனும் போல்ட் துளைகளும் ஒத்துப்போகும் என்ற உறுதி இருக்கிறது. வாங்கும்போது கொக்கியின் உதட்டை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் விளிம்பில் சிக்கினால் கூர்மை மிச்சமிருக்கிறது, வழுக்கினால் அது உங்கள் பழைய லாக்கைப் போன்றதுதான். பிரதிகளில் தரம் ஏறி இறங்கும். பழைய லாக்கை அதன்மேல் வைத்து, துளைகள், கொக்கியின் உயரம், தகட்டின் தடிமன் மூன்றையும் வெர்னியரால் ஒப்பிட்டுவிட்டே போல்ட் மாட்டுங்கள். எதை வாங்கினாலும் பின்னையும் லாக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பின்னின் கழுத்து புதிய கொக்கியையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.

மாற்றிய அன்று பானட்டை மூடுவதற்கு முன், ஸ்க்ரூ டிரைவரால் லாக்கை மூடி, உள்ளிருந்து கைப்பிடியை இழுத்துத் திறக்கிறதா என்று இருபது தடவையாவது பாருங்கள். திறக்காத லாக்கின்மேல் பானட்டை மூடிவிட்டால் அதை எடுப்பதற்குள் பெயின்ட் போய்விடும்.

வெளியே பின், வார்

இவை உள்லாக்குக்கு மாற்று என்று விற்கப்பட்டாலும், சாலையில் ஓடும் காருக்குத் துணையாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் இவை தேவைப்படும் கார்களும் உண்டு. ஃபைபர் பானட் போட்ட காரில் நடுவில் ஒரே லாக் இருந்தால் மூலைகள் காற்றில் தூக்கி அடிக்கும், அங்கே இரு பக்கமும் பின் வேண்டும். பந்தயத்துக்கு ஓட்டும் காருக்கும், பாதுகாப்புக் கொக்கியே இல்லாத, பொருத்தவும் வழியில்லாத காருக்கும் அப்படியே.

பின் செட்டில் இரண்டு மரைத் தண்டுகள், மேல் தகடுகள், கிளிப்புகள், கிளிப் தொலையாமலிருக்கக் கம்பி வடம் இருக்கும். தண்டுகளை ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், முடிந்தவரை இரு ஓரங்களுக்கும் அருகே வையுங்கள். தகடு மெலிதாக இருந்தால் அடியில் 3 மி.மீ. தடிமனில் ஒரு இரும்புத் தகடு கொடுத்துப் போல்ட் போடுங்கள். தண்டின் முனையில் களிமண் வைத்துப் பானட்டை இறக்கினால் துளையின் இடம் உள்பக்கத்தில் பதியும். அங்கிருந்து 3 மி.மீ. துளை ஒன்றை மேல்வரை கொண்டுபோய், மேற்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்டெப் டிரில்லால் சிறிது சிறிதாக விரியுங்கள். வெட்டிய விளிம்பில் உடனே பிரைமர் பூசாவிட்டால் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு தொடங்கும். ஃபைபரில் மேலும் கீழும் அகன்ற வாஷர் வேண்டும், இல்லாவிட்டால் துளை நட்சத்திரம் போல விரிசல் விடும். பானட்டோடு சமமாக அமரும் ஏரோகேட்ச் வகை லாக் பார்க்க அழகு, ஆனால் அதற்குத் துளையல்ல, ஒரு நீள்சதுரமே வெட்டி எடுக்க வேண்டும், கீழேயும் ஆழம் வேண்டும்.

தோல் வார் மினி போன்ற கார்களில் பார்வைக்குப் பொருந்தும். நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பி.எம்.டபிள்யூ 2002, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஜாகுவார் இ-டைப் போல முன்பக்கம் கீல் உள்ள கார்களில் கணக்கு வேறு. காற்று பானட்டை மூடும் திசையில்தான் தள்ளும், கண்ணாடிமேல் எகிறி விழும் பயம் அநேகமாக இல்லை. அதனால் இவற்றுக்குப் பின் போடும் அவசியம் மிகக் குறைவு, அளவு சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பிட்ஃபயரில் இருபக்கப் பிடிகளும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் முழு முன்பாகமும் முறுக்கிக்கொண்டு மற்றதையும் தளர்த்தும்.

பாகம் வரும்வரை மெக்கானிக்கிடம் போயாக வேண்டும் என்றால், பானட்டின் முன்சட்டத்தைச் சுற்றி ராட்செட் வார் கட்டி அதை பம்ப்பர் பிராக்கெட்டில் மாட்டி, 40 கி.மீ.க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். கிரில்லில் கட்டாதீர்கள், அது எந்தச் சுமையையும் தாங்காது. பாதுகாப்புக் கொக்கியை மட்டும் நம்பி ஓட்டுவது தற்காலிக வழியில் சேராது.

எந்த வழியில் சரிசெய்தாலும், முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு பின்னின் லாக் நட்டையும் லாக்கின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், காகிதச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். புதிய ஸ்டாப்பர் ரப்பர் அதற்குள் சற்று அமுங்கியிருக்கும், கால் சுற்று உயர்த்த வேண்டிவரும். மூடும்போது பானட்டை ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். அதில் பூட்டவில்லை என்றால் இரு உள்ளங்கைகளையும் பின்னுக்கு நேர்மேலே, உள்சட்டம் ஓடும் முன்விளிம்பில் வைத்து அழுத்துங்கள். நடுத்தகட்டில் அழுத்தினால் சொட்டை விழும்.